மாமியாரும் ஆற்றங்கரையும்

கின்ஷாசா
ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் வசவு வந்து சேர்ந்தது. "உயிரோடு இருக்கிறாயா, இல்லை காங்கோவில் கரைந்துவிட்டாயா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறேன். வருடக் கடைசி ஸ்டாக் எடுப்பு, அதற்கு நடுவில் மலேரியா, அதற்கும் நடுவில் ஒரு ஆடிட்டர். மூன்றில் மலேரியாதான் சீக்கிரம் போனது.

மற்றபடி சௌக்கியம். சின்னவள் கணக்கில் தேறிவிட்டாள் என்று வீட்டில் சொன்னார்கள். அது உன் உபயம் என்று தெரியும். நன்றி சொல்லி உன்னைக் கெடுக்க விருப்பமில்லை. மேலவீதி அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா? நம் சேனாதிபதி இன்னும் மண்டபம் வாங்கப்போவதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறானா? வாங்கினால் முதல் முகூர்த்தம் யாருக்கு என்று நமக்குத் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். கடிதமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. தவில்காரர் வீட்டுப் பிள்ளையான உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும். இங்கே இருக்கிற நம்மவர்களிடம் ஆரம்பித்தால், ஜெனரேட்டருக்கு டீசல் கிடைத்ததா என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

எங்கள் கிடங்கில் ஒரு ஸ்டோர் கீப்பர் உண்டு. அறுபதைத் தாண்டியவர். இங்கே வயதில் மூத்த ஆண்களை எல்லாரும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. சிரிக்காதே. அவர் லோகேலே இனத்தவர். காங்கோ ஆற்றில் மீன் பிடிப்பதிலும் படகில் சரக்கு ஏற்றிப்போய் விற்பதிலும் பேர்போன ஜனங்கள். சொந்த ஊர் இசாங்கிப் பக்கம், கிசங்கானி நகரத்தைத் தாண்டி ஆறு இறங்கிவரும் திசையில், ஆற்றோரத்தில். இங்கிருந்து கிசங்கானி ஆற்று வழியாகச் சுமார் 1,700 கிலோமீட்டர். சரக்குப் படகில் போனால் வாரக்கணக்கில் ஆகும். மனிதர் ஊருக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று. தாய்மொழி கேலே. ஆபீசில் பிரெஞ்சு, கடைத்தெருவில் லிங்காலா, பேச ஆள் கிடைத்தால் மட்டும் கேலே.

போன மாதம் ஒரு மத்தியானம் பாராசிட்டமால் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் போனில் ஒரு குரல்செய்தி வந்தது. ஊரில் இருக்கும் சித்தப்பா முறையுள்ளவர் அனுப்பியது. அமுக்கினார். பேச்சே இல்லை. ஒரு கோழி கொக்கரித்தது, யாரோ இருமினார், அப்புறம் கட்டையில் அடிக்கிற சத்தம். இரண்டே சத்தம், ஒன்று கொஞ்சம் மேலே, இன்னொன்று கீழே. தாளம் என்று சொல்லவும் முடியவில்லை. ஆதி தாளத்தில் அடக்கப் பார்த்தேன், எங்கே அடங்குகிறது! உன் அப்பா கேட்டிருந்தால் "யார்டா இவன், காலப்பிரமாணமே இல்லாதவன்" என்று எழுந்து போயிருப்பார். ஆனால் பாப்பா கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு, அடிக்கு அடி கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தார். ஒரு அடிக்கு ஒரு அசை. மேல் அடி விழும்போது குரல் மேலே, கீழ் அடிக்குக் கீழே. முடிந்ததும் என்னைப் பார்த்து "இது என் பெயர்" என்றார்.

பெயரா? அவ்வளவு நீளமா? ஆமாம். இந்தக் கட்டை மேளத்தில் ஒருவனைக் கூப்பிட அவன் பெயர் மட்டும் போதாது. அவனுக்குரிய மேளப்பெயர், அவன் அப்பாவுடையது, அப்புறம் அம்மாவின் ஊர் என்று வரிசையாக வர வேண்டும். நம் கல்யாணப் பத்திரிகையில் இன்னார் பேரன், இன்னார் மகன் என்று போடுவோமே, அந்தக் கதைதான். பாதி ஆப்பிரிக்காவில் கட்டை அடித்துச் செய்தி சொல்வார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும். நான் அதைத் தந்தி மாதிரி என்று நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

கேலே ஒரு தொனி மொழி. ஒவ்வொரு அசையும் ஒன்று மேல் சுருதியில் நிற்கும், இல்லை கீழ் சுருதியில் நிற்கும். நாம் கோபத்திலோ கேள்வியிலோ குரலை ஏற்றுவது வேறு கணக்கு. அதில் சொல் மாறாது. இங்கே சொல்லே மாறிவிடும். லிங்காலாவிலும் அப்படித்தான்: 'மோட்டோ' என்று இரண்டையும் கீழே சொன்னால் மனிதன், கடைசி அசையை ஏற்றினால் தலை, முதல் அசையை ஏற்றினால் நெருப்பு. எழுதும்போது பெரும்பாலும் ஒரு குறியும் போடுவதில்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள்.

கேலேயில் இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. ஜான் காரிங்டன் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் எழுதிவைத்தது. 'அலம்பகா போயிலி' என்று ஒரு வாக்கியம். ஒரு சுருதியில் சொன்னால் "அவன் ஆற்றங்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்". அதே எழுத்து, அதே அசை, சுருதியை மட்டும் ஒன்றிரண்டு இடத்தில் மாற்றினால் "அவன் மாமியாரை வேகவைத்தான்". நம் ரெங்கன் சார் மட்டும் இந்த ஊரில் பிறந்திருந்தால், தினமும் சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போகிறேன் என்று வீட்டில் தைரியமாகச் சொல்லியிருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். தொனி மொழி என்றாலே எல்லாரும் இந்த மாதிரி ஜோக்கைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரன் தப்பாகச் சொன்னான், ஊரே சிரித்தது என்கிற ரகம். பேச்சில் உண்மையாக அவ்வளவு குழப்பம் வராது. மாமியாரை வேகவைத்தவன் அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்க மாட்டான், கேட்கிறவனுக்கும் புத்தி இருக்கிறது. சிக்கல் மேளத்தில்தான். ஏனென்றால் மேளத்துக்கு மெய்யெழுத்தும் கிடையாது, உயிரெழுத்தும் கிடையாது. பேச்சிலிருந்து எழுத்தையெல்லாம் உருவிவிட்டால் மிச்சம் இருப்பது ஏற்றமும் இறக்கமும் நேர அளவும்தான். அதை மட்டும்தான் கட்டை சொல்லும்.

இப்போது பார். கேலேயில் அப்பாவுக்குச் 'சாங்கோ'. நிலாவுக்குச் 'சோங்கே'. கோழிக்குக் 'கோக்கோ'. 'ஃபெலே' என்று ஒரு வகை மீன். நான்குமே இரண்டு அசை, இரண்டும் மேல் சுருதி. கட்டையில் அடித்தால் நான்கும் ஒன்றுதான்: மேல், மேல். அப்பா வருகிறார் என்று அடித்தால் மீன் வருகிறது என்று கூடையோடு ஓடி வருவார்கள். என்ன செய்வது?

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் என்னை இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்தது. தனிச்சொல்லை அடிப்பதே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வால் சேர்த்து, முழுச் சொற்றொடராக அடிக்கிறார்கள். நிலாவுக்கு 'சோங்கே லி தாங்கே லா மாங்கா', பூமியைக் குனிந்து பார்க்கும் நிலா. கோழிக்கு 'கோக்கோ ஓலோங்கோ லா போக்கியோக்கியோ', கியோகியோ என்கிற சின்னக் கோழி. முதல் இரண்டு அடி நாலு பேருக்கும் பொதுவானாலும், வால் நீளும்போது ஏற்ற இறக்கம் வேறு வேறாகப் பிரிந்துவிடும். கேட்கிறவனுக்குச் சந்தேகம் தீர்ந்துவிடும். பேச்சில் ஒரு சொல்லுக்கு மேளத்தில் ஏறக்குறைய எட்டுச் சொல் ஆகிறதாம். அதனால் சுருக்கமாக எதையும் சொல்ல முடியாது. "பயப்படாதே" என்பதற்கு, உன் நெஞ்சு வாய்வரை வந்துவிட்டது, அதை வாயிலிருந்து கீழே இறக்கு, அங்கிருந்து இறக்கிவை என்று அடிக்க வேண்டும். "வீட்டுக்கு வா" என்றால், போன வழியே காலைத் திருப்பு, போன வழியே பாதத்தைத் திருப்பு, நம்முடைய ஊரில் காலை ஊன்று என்று.

நாம் கவிதையில் அடைமொழி போட்டால் அழகுக்கு என்று சொல்வோம். இவர்கள் தேவைக்குப் போட்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அழகு எப்படியோ தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

பொறு, உனக்கு அடுத்து எழும் கேள்வி எனக்குத் தெரியும். என்ன மேளம், தோல் எது? தோலே கிடையாது. தோல் இல்லாததை மேளம் என்று சொல்வதா என்று நீ சண்டைக்கு வருவாய், வா. ஒரு பெரிய மரத்துண்டு. நல்ல மேளத்துக்கு விரும்புவது உள்ளே சிவந்திருக்கும் கெட்டி மரம். நம் வேங்கைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. மேலே நீளமாக ஒரு பிளவு மட்டும் விட்டு, அதன் வழியாகவே உளியை விட்டு உள்ளே குடைந்துகொண்டே போக வேண்டும். பிளவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு உதடு. இரண்டையும் ஒரே கனத்தில் விடக்கூடாது, அங்கேதான் ஆசாரியின் கை தெரியும். ஒரு உதடு மேல் சுருதி, ஒரு உதடு கீழ் சுருதி. ஒன்றை ஆண் குரல் என்றும் மற்றதைப் பெண் குரல் என்றும் சொல்வார்கள். நுனியில் காட்டு ரப்பர் சுற்றிய இரண்டு குச்சி. அவ்வளவுதான். விடியற்காலையிலும் ராத்திரியிலும் ஆற்றின் மேல் சத்தம் நன்றாகப் போகும், சுமார் 10 கிலோமீட்டர் வரை. அடுத்த ஊரில் கேட்டவன் அதற்கடுத்த ஊருக்கு அடிப்பான்.

இப்போது உன் தொழிலுக்கு வருகிறேன். நம்மிடம் 'தா தீ தொம் நம்' என்று வாயால் சொல்லிச் சொல்லித்தான் கை பழகுகிறது. அதாவது மேளம் போடுகிற சத்தத்தை வாய் பாவனை செய்கிறது. லோகேலேக்காரன் செய்வது நேர் எதிர்: வாய் பேசுவதைக் கட்டை பாவனை செய்கிறது. நம் ஊரில் பறை அடித்தால் சாவுக்கு ஒரு அடி, சாமி புறப்பாட்டுக்கு ஒரு அடி என்று கேட்டவுடனே தெரியுமே என்பாய். தெரியும். ஆனால் அது வழக்கத்தால் வந்த அடையாளம். செத்தது யார், எந்த ஊர், எப்போது எடுக்கிறார்கள் என்று பறை சொல்லாது, அதற்குத் தனியாக ஆள் போக வேண்டும். தந்தியும் இந்தக் கட்டை மாதிரி இல்லை. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளி, ஒரு கோடு என்று யாரோ உட்கார்ந்து ஒப்பந்தம் செய்தார்கள். இங்கே ஒப்பந்தமே கிடையாது. பேச்சேதான், உதடும் நாக்கும் இல்லாத பேச்சு. கேலே தெரியாதவனுக்கு இந்த மேளத்தைக் கற்றுக்கொடுக்கவே முடியாது. இதை நான் பாப்பாவிடம் சொன்னபோது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்கிற மாதிரி பார்த்தார்.

காரிங்டன் கதையைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. 1914-இல் பிறந்தவர், 1938-இல் கிசங்கானிக்குப் பக்கத்திலிருந்த யாக்கூசு மிஷனுக்கு வந்து சேர்ந்தார். ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் யவோங்காமா என்ற சின்ன ஊருக்குப் போயிருக்கிறார். அங்கே வாத்தியார், மருத்துவ உதவியாளர், சபைக்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே கூடிக் காத்திருக்கிறார்கள். நீங்கள் வருவதாக மேளத்தில் கேட்டோம் என்றார்களாம். அன்றைக்குப் பிடித்தது பித்து. கேலேயைத் தொனியோடு கற்று, மேளமும் கற்று, 1949-இல் ஒரு புத்தகமே போட்டார். பின்னால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் மனைவியே மேளம் அடித்துத்தான் கூப்பிடுவாராம்: வெள்ளைக்காரா, காட்டு ஆவியே, வா வா, பலகை வேய்ந்த உயரமான வீட்டுக்கு வா, கிழங்கோடு பெண் காத்திருக்கிறாள், வா வா. தங்கச்சி உன்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது நினைவுக்கு வந்தது. அதுவும் ரெண்டு தெருவுக்குக் கேட்கும், ஆனால் இவ்வளவு மரியாதை இருக்காது.

சரி, கேலிக்கு அப்பால் ஒன்று. அந்தக் குரல்செய்தியைப் பாப்பா மறுபடி போட்டார். பெயர் வரைக்கும் கூடவே முணுமுணுத்தார். பெயருக்குப் பிறகு வந்ததில் ஓரிடத்தில் நின்றுவிட்டார். திரும்பப் போட்டார், அங்கேயே நின்றார். அது ஒரு பழைய சொற்றொடர். அப்பா அடிக்க இவர் கேட்டிருக்கிறார், ஏற்ற இறக்கம் அப்படியே காதில் இருக்கிறது, அதற்குள்ளே இருந்த சொல் மட்டும் நினைவில்லை. கடைசியில் சித்தப்பாவைப் போனில் பிடித்துக் கேட்டார். விஷயம் வேறொன்றுமில்லை, ஊரில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அதை நேராகப் பேசியே சொல்லியிருக்கலாமே என்றேன். "பேசி எல்லாருக்கும் சொன்னார். எனக்கு இப்படிச் சொல்ல நினைத்தார்" என்றார்.

அவருக்கு ஒரு மகன். இங்கேயே பிறந்தவன், கெட்டிக்காரன், பிரெஞ்சும் லிங்காலாவும் தண்ணிபட்ட பாடு. கேலே வராது. அவனுக்கு மேளப்பெயரும் வைக்கவில்லை. யார் அடிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாராம். இது இன்றைக்கு வந்த வினையில்லை. காரிங்டன் காலத்திலேயே பள்ளிக்கூடம் போகிற லோகேலேப் பையன்களுக்கு மேளப்பெயர் இல்லாமல் போக ஆரம்பித்துவிட்டது, அவரே அதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். மொழி இன்னும் ஆற்றங்கரை ஊர்களில் பேசப்படுகிறது, அது வேறு. ஆனால் பேச்சு பிழைத்திருக்கும்போதே இந்த வால் சொற்கள் போய்விடும். சோங்கே என்ற சொல் இருக்கும், பூமியைக் குனிந்து பார்ப்பது இருக்காது. மொழி சாவதைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்களே, அதில் எனக்கு எரிச்சல்தான். போன் வந்த பிறகு ஆற்றைக் கடந்து செய்தி சொல்ல மரத்தைக் குடைந்துகொண்டு யாரும் உட்கார மாட்டார்கள், உட்காரவும் வேண்டாம். கட்டை போகட்டும். அந்தச் சொற்றொடர்களை யாராவது எழுதிவைத்தால் போதும் என்று தோன்றுகிறது. அதுவும் தொனிக் குறியோடு. வெறும் எழுத்தை மட்டும் எழுதினால் உபயோகமில்லை, மாமியார் எது ஆற்றங்கரை எது என்று தெரியாமல் போய்விடும்.

பாப்பாவுக்கு ஒரு தடிமனான கணக்கு நோட்டு கொடுத்திருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு நானும் அவரும் உட்காருகிறோம். அவர் சொல்கிறார், மேல் சுருதிக்கு எழுத்தின் மேல் ஒரு சின்னக் கோடு, கீழுக்கு ஒன்றும் போடுவதில்லை என்று முறை வைத்திருக்கிறோம். தெரியாததைச் சனிக்கிழமை சித்தப்பாவிடம் போனில் கேட்கிறார். சித்தப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் போனில் கத்த, இவர் இங்கே கத்த, கிடங்குக் காவலாளி ஏதோ சண்டை என்று ஓடிவந்தான்.

இதையெல்லாம் உனக்கு எழுதியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. உன் அப்பா கையால் எழுதிய சொற்கட்டு நோட்டு, அந்தப் பச்சை அட்டை போட்டது, பரண்மேல் பழைய பத்திரிகைக் கட்டோடு இருப்பதாகப் போன பொங்கலுக்குச் சொன்னாய். கரையான் வந்தது என்றும் சொன்னாய், சிரித்துக்கொண்டே சொன்னாய். இறக்கு அதை. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் வரிசைப்படுத்தி வைக்கிறேன். புரியாத இடத்தில் அவரையே கேட்டு ரெக்கார்ட் பண்ணு. கேட்பதற்கு ஆள் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார், உனக்குக் கஷ்டமென்ன? "அவருக்கு மூட் இருக்காது" என்று சொல்லித் தப்பாதே. மோகரா என்கிற சொற்கட்டை எனக்கு ஒன்றரை மணி நேரம் சொன்னவர், சொந்தப் பிள்ளைக்குச் சொல்ல மாட்டாரா?

அந்தக் கட்டைச் சத்தத்தையும் இதோடு அனுப்புகிறேன், பாப்பா சம்மதம் கொடுத்துவிட்டார். அப்பாவுக்குப் போட்டுக் காட்டு. எந்த ஊர் என்று முதலில் சொல்லாதே, என்ன சொல்கிறார் பார்ப்போம். மேல் அடியும் கீழ் அடியும் வலக்கையா இடக்கையா, இரண்டும் கலந்து வருகிறதா என்று அவர் காதுக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரியவில்லை, பாப்பாவும் அடித்துப் பழகியவரில்லை.

நிறைய இருக்கிறது, கை வலிக்கிறது. எங்கள் டிரைவர் க்பாதோலிட்டேக்காரர். அந்த ஊர்ப் பெயரின் முதல் சத்தத்தைச் சொல்ல உதட்டையும் அடிநாக்கையும் ஒரே நேரத்தில் மூடி, ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். நான் எழுதியிருப்பதைப் படித்து 'க்' தனி, 'பா' தனி என்று சொன்னால் அது அவர் ஊரில்லை. அதைப் பற்றி இன்னொரு கடிதம்.

சித்திரையில் வருவேன், டிக்கெட் இன்னும் போடவில்லை. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். சேனாதிபதியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே, மாமியார் விஷயத்தை ஊர் முழுக்கப் பரப்பிவிடுவான். நீ தர வேண்டிய எட்டாயிரத்தில் பச்சை நோட்டுக்கு ஸ்கேன் கூலி போக மீதியைக் கணக்கு வை.

உன்,
மச்சான்